ரீகா–வியன்னா: இரண்டு மணி பத்து நிமிடம்

ரீகாவிலிருந்து வியன்னாவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஓயார்ஸ் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் என்பார். எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் கண்ணைத் திறந்து, கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். தூரத்தில் யாரும் பொய் சொல்ல முடியாது. பூமி அந்த இடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. நேரம் அப்படியல்ல. நேரத்தில் பொய் சொல்லுவதில் அவருக்கு முப்பத்தொரு வருட அனுபவம் இருந்தது, அதுவும் மாதச் சம்பளத்தோடு.

ரீகாவில் ஒரு நடுத்தர விமானக் கம்பெனியின் கால அட்டவணைப் பிரிவில் அவருக்கு வேலை. ஓர் ஊரில் விமானத்தின் சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து இன்னோர் ஊரில் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும்வரை எத்தனை நிமிடம் என்று எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ரீகா–வியன்னாவை எடுத்துக்கொண்டால் வானத்தில் ஒரு மணி நாற்பது நிமிடம். ரீகாவில் ஓடுபாதைவரை ஊர்ந்து போக எட்டு நிமிடம், வியன்னாவில் இறங்கியபின் நிறுத்துமிடம் போக ஐந்து. கூட்டினால் ஒரு மணி ஐம்பத்து மூன்று வரும். ஓயார்ஸ் இரண்டு மணி பத்து என்று எழுதுவார். மீதிப் பதினேழு நிமிடமும் அவருடைய சொந்தக் கைச்சரக்கு.

அதன் பலன் உடனுக்குடன் தெரியும். விமானம் தரையைத் தொட்டதும் விமானி, குறித்த நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டோம் என்று பெருமையோடு அறிவிப்பார். பயணிகள், தாங்கள் ஏதோ தள்ளிக்கொண்டு வந்த மாதிரி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். நேரம் தவறாத கம்பெனி என்று மாதாமாதம் பட்டியலில் பெயர் வரும். ஓயார்ஸின் மேசைக்குப் பின்னால் அப்படி வாங்கிய பாராட்டுப் பத்திரங்கள் வரிசையாகத் தொங்கின. முதல் பத்துப் பத்திரங்களை ஆணியடித்து மாட்டியவர், பிற்பாடு வெட்கப்பட்டுப் பசை நாடாவுக்கு மாறிவிட்டார்.

தொழில் ஆபீசோடு நின்றிருந்தால் அவருக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது. வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடத்தில் வந்து வாசலில் நிற்பார். சீக்கிரமே வந்துவிட்டீர்களே என்று மனைவி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து, கோட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். வெல்டாவா சொல்லுகிறவள்? கல்யாணமான இரண்டாம் மாதமே அவர் சொல்லும் நேரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு உருளைக்கிழங்கை அடுப்பில் வைக்கப் பழகிவிட்டாள். மகள் மதாரா கழித்தல் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் இருபது நிமிடம் கழித்துக்கொள், ஐந்து நாற்பதுக்கு வருவார் என்று அம்மாவிடம் கற்றுக்கொண்டாள். வீட்டில் கழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓயார்ஸ் இன்னும் கொஞ்சம் கூட்டினார். கூட்டுகிறார் என்று தெரிந்ததும் அவர்கள் இன்னும் கொஞ்சம் கழித்தார்கள். இந்தக் கூத்து இருபத்தைந்து வருடம் நடந்தது. ஆனாலும் சாப்பாடு ஒரு நாளும் ஆறியதில்லை.

போன நவம்பரில்தான் ஆறியது.

மதாரா வியன்னாவில் வேலை கிடைத்துப் போய், அங்கேயே செவெரின் என்று ஒரு பையனைப் பிடித்துக் கல்யாணமும் வைத்தாள். வெல்டா ஒரு வாரம் முன்பே போய்விட்டாள். ஓயார்ஸ் அந்தச் சனிக்கிழமை காலை விமானத்தில் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மதாரா தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று கேட்டாள். அட்டவணையில் பன்னிரண்டு இருபத்திரண்டு என்று இருந்தது, அவரே எழுதியது. வாயைத் திறந்தவருக்கு, பெற்ற மகளின் கல்யாணத்துக்காவது உண்மையைச் சொல்லுவோமே என்று ஒரு ஞானோதயம் வந்து தொலைத்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகக் கைச்சரக்கைச் சேர்க்காமல் பன்னிரண்டு ஐந்து என்றார். மதாரா வழக்கம்போல் இருபது நிமிடத்தைக் கழித்தாள். பதினொன்றே முக்காலுக்கு அப்பா வந்துவிடுவார் என்று முடிவுசெய்து, பதிவு அலுவலகத்தில் பாக்கியிருந்த இரண்டு நேரங்களில் பன்னிரண்டரையைப் பிடித்தாள். இன்னொன்று ஒன்றேகால். அதைப் பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விமானம் சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டு ஐந்துக்கு நின்றது. ஓயார்ஸ் ஓட்டமும் நடையுமாகப் பதிவு அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. மோதிரம் மாற்றிக்கொண்டு மதாரா வெளியே வந்துகொண்டிருந்தாள், அடுத்த ஜோடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பதிவாளர் ஐந்து நிமிடம் காத்திருந்தாராம். அப்பா எங்கேயும் முன்கூட்டியே வருகிறவர், இதோ வந்துவிடுவார் என்று மதாரா திரும்பத் திரும்பச் சொன்னாளாம். இதை வெல்டா பிற்பாடு சொன்னாள்.

அதோடு விட்டிருந்தாலும் மகள் மன்னித்திருப்பாள். ஓயார்ஸ் விடவில்லை. கல்யாண விருந்தில் சூப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விமானம் வந்து நின்ற நேரம் அச்சடித்த தாள். சம்பந்தி வீட்டார் உட்பட பதினான்கு பேர் முன்னிலையில், தான் சொன்ன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை என்றும், தன்னைக் கேட்காமல் கழித்தவர்கள் பக்கமே தவறு என்றும் நிரூபித்தார். நிரூபணத்தில் ஓட்டை எதுவும் இல்லை. சூப்புதான் ஆறிப்போனது. மதாரா, "சரிப்பா, நீங்க சொன்னதுதான் சரி," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பதினொரு மாதமாக, தொலைபேசியை அவர் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் பேசவில்லை.

அந்தத் தாள் நினைவுக்கு வரும்போதெல்லாம் ஓயார்ஸுக்கு உடம்பு கூசும். பல் தேய்க்கும்போது வரும், டிராமில் வரும், பாராட்டுப் பத்திரம் வாங்கும்போது கட்டாயம் வரும். மடையா, ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்துக்குப் போகிறவன் நீ ஒருத்தன்தான் என்று தன்னையே திட்டிக்கொள்வார். போன் செய்து மன்னிப்புக் கேட்கப் பல தடவை முயன்றார். மன்னிப்புக்குப் பின்னால் "ஆனால்" என்ற சொல் வால் பிடித்துக்கொண்டு வரும் என்பது அவருக்கே தெரிந்திருந்ததால் எண்ணைச் சுழற்றாமலே வைத்துவிடுவார்.

அக்டோபரில் மதாராவின் பெயர்நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. பிறந்தநாளுக்கு ரீகாக்காரர்களான நாங்கள் ஆளைக் கூப்பிடுவோம். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. யார் பெயர் எந்த நாள் என்று நாட்காட்டியில் போட்டிருக்கும், நினைவிருப்பவர்கள் பூவோடு வந்து கதவைத் தட்டுவார்கள். வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கமும் இல்லை. எந்த ஊரில் போய்க் குடியேறினாலும் எங்கள் ஆட்கள் இதை விடுவதில்லை.

புதன்கிழமை மாலை வெல்டா முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, அவளால் பயணம் செய்ய முடியாது. ஓயார்ஸ் அடுக்களைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கடைசியில், அவள் என்னைக் கூப்பிட மாட்டாளே என்றார்.

"கூப்பிட வேண்டியதில்லைன்னுதானே பெயர்நாள்னு ஒண்ணு இருக்கு," என்றாள் வெல்டா. "நடக்கிறதை விமான நிலையத்துப் பக்கமா நடங்க."

"கதவைத் திறக்கலைன்னா?"

"திரும்பி வாங்க. இந்தப் பக்கம் எத்தனை நிமிஷம்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

தான் வருவதை மகளிடம் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போய்க் கதவு திறக்காமலிருந்தால் அதைத் தாங்கும் தெம்பு தனக்கில்லை என்று நினைத்தார். வெல்டா சொல்ல மாட்டாள். வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாதவள் என்றுதான் அவளைக் கட்டிக்கொண்டதே.

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டே இருந்ததில் டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வியன்னாவுக்கு ஏதோ பாடகர் குழு, எல்லா விமானங்களிலும் பிரிந்து, கும்பல் கும்பலாகப் போகிறது. கம்பெனி ஆட்களுக்கு ஒரு சலுகை உண்டு: யாராவது வராமல் போய் இடம் காலியானால், கடைசி நிமிடத்தில் ஏறிக்கொள்ளலாம். ஓயார்ஸ் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே ஏழு டேலியாப் பூக்களோடு விமானம் ஏறும் வாயிலில் போய் உட்கார்ந்துவிட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. ஏழு என்பது தாராளமான எண், மன்னிப்புக்கும் பொருத்தமாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

காலை விமானத்தில் இடமில்லை. பாடகர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். மத்தியான விமானத்தில் ஒரு இடம் இருந்தது, கடைசி நொடியில் ஒரு தடித்த பெண்மணி மூச்சிரைக்க ஓடி வந்து அதைப் பறித்துக்கொண்டாள். வாயிலில் சீட்டுப் பார்க்கிற பெண் லியேனே அவருக்குத் தெரிந்தவள்தான். வயதான மனுஷன் காலையிலிருந்து பூங்கொத்தை வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து பூக்களை அதில் நிறுத்தச் சொன்னாள்.

"யாரைப் பார்க்கப் போறீங்க சார்?"

"பொண்ணை."

"வர்றீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா ஊரை விட்டுப் போயிடுவா."

லியேனே சிரித்தாள். ஓயார்ஸும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவரால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. பிரிந்த மகளைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் எல்லாருக்கும் ஒரு விமானம் போதும். தனக்கு மட்டும் மூன்று வேண்டியிருக்கிறது, அதுவும் தானே நேரம் எழுதிய விமானங்கள்.

ஐந்து மணி விமானத்தில் கடைசி வரிசையில் நடு இருக்கை கிடைத்தது, பக்கத்தில் கழிப்பறை. வியன்னாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும், அதனால் அட்டவணைப்படி அங்கே ஆறு பத்துக்குப் போய் நிற்க வேண்டும். உண்மையில் ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு நின்றுவிடும். பெட்டி இல்லை, நேரே ரயில், அப்புறம் டிராம். ஆறே முக்காலுக்குக் கதவைத் தட்டிவிடலாம். பெயர்நாள் விருந்தாளிகள் ஏழு ஏழரைவரை இருப்பார்கள். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்துவிட்டால், நாலு பேர் இருக்கும்போது மதாரா ஒன்றும் சொல்ல மாட்டாள். கல்யாணத்தில் பதினான்கு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அவளைத் தோற்கடித்தவர், இப்போது நாலு விருந்தாளிகளின் பின்னால் ஒளிந்துகொள்ளத் திட்டம் போட்டார்.

பக்கத்து இருக்கையில் நாற்பது நாற்பத்தைந்து வயது ஆஸ்திரியர். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவராம், மாதம் ஒரு தடவை ரீகாவுக்கு வந்துபோகிறாராம். நல்ல கலகலப்பான மனிதர். விமானம் ஐந்து நாற்பத்தெட்டுக்குத் தரையைத் தொட்டது. இருபத்திரண்டு நிமிடம் முன்னதாக இறங்கிவிட்டோம் என்று விமானி சொன்னதும் பாடகர் குழு கைதட்டியது.

"இவங்க எப்பவும் இப்படித்தாங்க," என்று பியானோக்காரர் ஓயார்ஸின் தொடையில் தட்டினார். "இந்த நேரமெல்லாம் எழுதுறவன் கெட்டிக்காரன். அவனுக்கு ஒரு மெடல் குத்தலாம்."

ஓயார்ஸ் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். வெளிப்படையாகச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, விமானம் நின்றபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

விமானம் நின்றது. ஆனால் நிறுத்துமிடத்தில் அல்ல, நடுவழியில். ஐந்து நிமிடம் போயிற்று. பிறகு விமானி வேறு குரலில் பேசினார். நமக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொரு விமானம் நிற்கிறது. அது கிளம்பியதும் போகலாம்.

வியன்னாக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆறு பத்துக்கு வருகிறேன் என்று சொன்னவனுக்கு ஆறு பத்துக்கு இடம் வைத்திருந்தார்கள். சாயங்கால நேரம், மற்ற இடமெல்லாம் நிரம்பியிருக்கும். ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு வந்து நில் என்று யாராவது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்களா? இரண்டு மூன்று நிலையங்களிலிருந்து, தயவுசெய்து சொன்ன நேரத்துக்கு வாருங்கள், முன்னால் வந்து வழியை அடைக்காதீர்கள் என்று கடிதம் வந்ததும், அவற்றையெல்லாம் பாராட்டுப் பத்திரங்களுக்குக் கீழே இருந்த அலமாரியில் போட்டு மூடியதும் ஓயார்ஸுக்கு நினைவு வந்தது. மற்றவர்களெல்லாம் இந்தப் பதினேழு நிமிடங்களை இப்படித்தான் உட்கார்ந்து கழித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவருக்கு அது தெரிய முப்பத்தொரு வருடமும் ஒரு நடு இருக்கையும் தேவைப்பட்டது.

ஆறு பத்து ஆயிற்று. அந்த விமானம் கிளம்பவில்லை. யாரோ ஒரு பயணி ஏறவில்லை, அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று விமானி சொன்னார். பாடகர் குழு முதலில் ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தது, இரண்டாவது பாட்டுக்கு யாரும் சேரவில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கழிப்பறைக்கு வரிசை நீண்டு ஓயார்ஸின் தோளில் வந்து இடித்தது. ஆறே கால். ஆறு இருபது. ஜன்னலுக்கு வெளியே நிலையத்தின் விளக்குகள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் தெரிந்தன. ஆயிரத்து நூறு கிலோமீட்டரில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதரை முடிந்துவிட்டது. மிச்சம் அரை கிலோமீட்டர்.

பியானோக்காரருக்கு எட்டு மணிக்கு ஒரு கச்சேரிக்குச் சுருதி சேர்க்கிற வேலை இருந்தது. கலகலப்பெல்லாம் வடிந்துவிட்டது.

"முன்னாடியே வந்து என்ன புண்ணியம்? இந்த நேரத்தை எழுதினவனைக் கூட்டிட்டு வந்து இந்த சீட்ல உட்கார வைக்கணுங்க. அப்பத் தெரியும்."

"உட்கார்ந்துதாங்க இருக்கான்," என்றார் ஓயார்ஸ்.

பியானோக்காரருக்குப் புரியவில்லை. ஓயார்ஸ் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அவர் ஓயார்ஸ் பக்கம் நன்றாகத் திரும்பினார். திட்டப் போகிறார் என்று ஓயார்ஸ் தயாரானார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர், "நீங்களுமா மாட்டிக்கிட்டீங்க?" என்று பாவமாகக் கேட்டார். எங்கே போகிறீர்கள் என்றும் கேட்டார். ஓயார்ஸ் எல்லாவற்றையும் சொன்னார், கல்யாணம், தாள், சூப், பதினொரு மாதம் எல்லாமே. வேறு போக்கிடமும் இல்லை, நேரமும் நிறைய இருந்தது. தாளை எடுத்த இடம் வந்ததும் பியானோக்காரர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"அந்தத் தாளை என்ன பண்ணீங்க?"

"பத்திரமா வச்சிருக்கேன்," என்றார் ஓயார்ஸ். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் காதில் விழுகிறது என்று அவருக்கே தெரிந்தது.

ஆறு முப்பத்தைந்துக்குத்தான் விமானம் நின்றது. தலைக்கு மேலிருந்த அறையைத் திறந்தபோது யாரோ ஒருவருடைய பை சரிந்து, டேலியா ஒன்று கழுத்து ஒடிந்து விழுந்தது. மிச்சம் ஆறு. கல்லறைக் கணக்கு. ஓயார்ஸ் ஒரு பூவை உருவிப் பியானோக்காரரிடம் நீட்டினார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, விளக்க நேரமில்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மிச்சம் ஐந்து. அதுவும் தலை தொங்கி, அவரைப் போலவே நாள் முழுக்க உட்கார்ந்து களைத்துப்போயிருந்தது.

ரயில் பெட்டியில் உட்கார்ந்ததும் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. ஐந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டோம். இடம் காலியில்லை. ஒரு பெட்டி. நாற்பத்தேழு நிமிடம். என் தவறு எதுவும் இல்லை. கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். எதிரில் இருந்தவர் வேறு இருக்கைக்கு மாறினார். இதோ மறுபடியும் தாள் தயாராகிறது என்று ஓயார்ஸுக்குப் புரிந்தது. அச்சடிக்கவில்லை, மனப்பாடம். டிராமுக்கு மாறிய பிறகும் அது நிற்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாக்கியங்கள் இன்னும் சுத்தமாக, இன்னும் மறுக்க முடியாதபடி அமைந்துகொண்டே வந்தன. இவ்வளவு நல்ல காரணம் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை.

வீட்டு வாசலில் நின்றபோது மணி ஏழு முப்பத்தெட்டு. எதிரே மூன்று பேர் படியிறங்கி வந்தார்கள், அவர்களில் ஒரு பெண் எங்கள் மொழியில் யாருடனோ போனில் பேசிக்கொண்டு போனாள். விருந்தாளிகள் போய்விட்டார்கள். ஒளிந்துகொள்ள இனி ஆள் இல்லை. ஓயார்ஸ் இரண்டாம் மாடி ஏறி மணியை அழுத்தினார். பயமாக இருந்தது. அறுபதை நெருங்குகிற மனிதனுக்கு ஒரு மரக்கதவின் முன்னால் இவ்வளவு பயம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

மதாராதான் திறந்தாள். கையில் ஈரத் துணி. உள்ளே செவெரின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மேசைமேல் கிளிங்கெரிஸ் இருந்தது, குங்குமப்பூவும் திராட்சையும் போட்டுப் பெரிய முறுக்கு மாதிரி திரித்துச் சுடுகிற பெயர்நாள் ரொட்டி. முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. அவள் அவரைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். எங்கள் ஆட்கள் எல்லாரையும் போல அவள் கண்ணும் பூவைத் தன்னையறியாமல் எண்ணியது.

"லேட்டாயிட்டேன்," என்றார் ஓயார்ஸ்.

மதாரா காத்திருந்தாள். அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போகுமா என்று பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. நாற்பத்தேழு நிமிடமும், அந்தப் பெட்டியும், நிறுத்துமிடமும் தொண்டையில் வந்து முட்டி நின்றன. வெளியே தள்ளினால் ஒரே மூச்சில் வந்துவிடும். அவர் எச்சிலை விழுங்கினார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"அவ்வளவுதாம்மா. லேட்டு. அன்னைக்கும் லேட்டுதான்."

அவள் துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். கீழ் உதடு லேசாக ஆடியது. சின்ன வயதில் அழக் கூடாது என்று வைராக்கியம் பிடிக்கும்போது அப்படித்தான் ஆடும்.

"அஞ்சு நாப்பத்தெட்டுக்கே விமானம் இறங்கிடுச்சுன்னு நெட்ல போட்டிருந்தாங்க," என்றாள். "ஆறே முக்காலுக்கு இங்க இருக்கணும் நீங்க. ஏழு மணி வரைக்கும் ரொட்டியை வெட்ட விடல நான். எல்லாரும் பசியோட உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் இதுலயும் வரலைன்னு வெட்டிட்டேன்."

ஓயார்ஸுக்கு ஒரு சொல் இடறியது.

"அம்மா சொன்னாளா, நான் வர்றேன்னு?"

"அம்மா ஒண்ணும் சொல்லல."

"அப்புறம், இதுலயும்னா?"

மதாரா பூங்கொத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பூக்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"காலைல வந்ததையும் பார்த்தேன். மத்தியானம் வந்ததையும் பார்த்தேன்."

அன்றைக்கு ரீகாவிலிருந்து வியன்னாவுக்கு வந்தது மொத்தம் மூன்று விமானம்தான். ஓயார்ஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அழுதார். உள்ளே வாங்கப்பா, குளிர் வருது என்று மதாரா சொன்னாள்.